செத்தவருக்குப் பிறந்தநாள் பந்தி

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். மலேசியாவில், கிள்ளானில் நான் நடத்துகிற பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு வந்துபோகிற எல்லாருக்கும் அது தெரியும். மீன் வாடியிருந்தால் மீன்காரனைத் திட்டுவேன். பிள்ளைகள் சோற்றைக் கொட்டினால் பிள்ளைகளைத் திட்டுவேன். திட்டி முடித்த கையோடு மீன்காரனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுப்பேன். அத்தோடு போய்விடும். மதுரையில் இருந்து நான் கொண்டுவந்த கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. செத்துப்போன என் அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, மேலூர் ரோட்டோரம் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் வைத்தார்கள் என்றால் எப்படிப் போகும்?

முதலில் இருந்து சொல்கிறேன். அப்பா மேலூருக்கும் திருவாதவூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத கூலிக் குடும்பம். அரைக்கால் சட்டை வயசில் சித்தப்பாவோடு கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்துவிட்டார். ஊரைப் பற்றி அவர் பெருமையாக ஒன்றும் சொன்னதில்லை. சொன்னது ஒரே கதைதான். ஊரில் ஒரு பெரிய வீட்டு விசேஷத்தில், வாசலுக்கு வெளியே போட்ட பந்தியில், இரண்டாவது தடவை சோறு கேட்டு நீட்டிய அவருடைய தட்டை ஒருவன் கரண்டியால் தட்டிவிட்டானாம். எங்கள் வீட்டில் யாராவது "போதும், சோறு தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் அவர் முகம் மாறிவிடும்.

போன வருடம் கண்ணை மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "வருசம் திரும்புறப்ப ஊர்ல ஒரு பந்தி போடு. கறி வேணாம். சோறும் சாம்பாரும் போதும். ரெண்டாவது தடவை கேக்குறவனுக்கு மட்டும் இல்லேன்னு சொல்லிராத." அவ்வளவுதான். அதற்காகத்தான் பங்குனி வெயிலில் நான் மதுரையில் வந்து இறங்கினேன்.

விமான நிலையத்தில் அத்தை மகன் கதிரேசன் தன் ஆட்டோவோடு நின்றான். வில்லாபுரத்தில் வீடு, வண்டி சொந்த வண்டி. "வாங்க மதினி, என்னா இம்புட்டுக் கறுத்துட்டீய" என்று வரவேற்றான். வந்ததும் வராததுமாக வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆட்டோவில் காற்று அடிக்கும் என்று நினைத்தேன். அடுப்பு வாய்தான் அடித்தது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் சாயந்திரம் ஒரு மழையாவது பெய்து மன்னிப்புக் கேட்கும். இங்கே வெயில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

கதிரேசன் மனைவி செல்வி கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். குழம்பு நாக்கில் பட்டதுமே தெரிந்தது. எங்கள் ஊர்ப் புளிக்கும் இந்தப் புளிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. "கறி எடுக்கலையேன்னு நெனைக்காதீக மதினி. தெருவுல மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியிற மட்டும் கவுச்சி இல்ல" என்றாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த கயிறு இருந்தது. கிள்ளானிலும் நாங்கள் காப்புக் கட்டுவதுண்டு, எனக்குப் புதிது இல்லை. மூன்றாவது தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு, "பந்திக்கு யார் சமைக்கிறது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன் மதினி. ஒரு அறக்கட்டளை இருக்கு. ஆள் கூட்டுறதுல இருந்து எலை எடுக்குறது வரைக்கும் அவுகளே பாத்துக்குவாக. நாம போயி நின்னாப் போதும்" என்றான் கதிரேசன்.

போய் நின்றால் போதும் என்று ஒருவன் சொல்லும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு வயிறு, உறைக்கவில்லை.

மறுநாள் அந்த அறக்கட்டளைக்குப் போனோம். மேலூர் ரோட்டில் ஒரு தகரக் கூடம், முன்னால் அலுவலகம். வாசலில் 'மக்கள் சேவையே மகேசன் சேவை' என்று பெரிதாக எழுதியிருந்தது. நல்ல வார்த்தை. எங்கள் கோயிலிலும் இதைச் சொல்வார்கள். உள்ளே போனால் நான்கு சுவரிலும் போட்டோ. கொடுத்தவர் ஒரு பக்கம், வாங்கியவர் ஒரு பக்கம், நடுவில் பொருள். தையல் மெஷின், போர்வை, அரிசிப் பை, எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். கொடுத்தவர் எல்லாரும் சிரிக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு போட்டோவில் ஒரு கிழவரின் கையை யாரோ பக்கத்தில் இருந்து பிடித்து, போர்வை மேல் வைத்துவிடுவது தெரிந்தது.

செயலாளர் வந்தார். பளிச்சென்ற வேட்டி, நெற்றி நிறைய சந்தனம், பேச்சில் வெல்லம். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். ஏழைங்களை நாங்களே வேன் வச்சுக் கூட்டிட்டு வந்துருவோம்."

"எங்க அப்பா ஊருக்குள்ளேயே போய்ப் போட்டால் என்ன?"

"ஊருக்குள்ள வேணாம் மேடம். வெளிச்சம் சரியா இருக்காது, பின்னாடி சாக்கடை தெரியும். இங்கன்னா எல்லா வசதியும் இருக்கு."

எதற்கு வெளிச்சம், எதற்கு வசதி என்று எனக்கு அப்போது புரியவில்லை. சாப்பிடுவதற்கு என்று நினைத்தேன். அப்பாவின் போட்டோவைக் கேட்டார், கொடுத்தேன். வருடத் திதி என்று என் வாயாலேயே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டாவது தடவை விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அளவாத்தான் வைக்கணும் மேடம். இந்த ஜனங்களுக்கு அள்ளி வச்சா வீணாக்கிருவாங்க."

எனக்கு உச்சி மயிர் எழும்பியது. "நான் இருபது வருஷத்துக்கு மேல பிள்ளைங்களுக்குச் சோறு போடுறவ. சோற்றை வீணாக்குறது யாருன்னு எனக்குத் தெரியும். காலையில வீட்டுல வயிறு நிறையத் தின்னுட்டு வர்ற பிள்ளைதான் வீணாக்கும். இரண்டாவது தடவை கேட்டா போடணும். இல்லேன்னா இந்த ஏற்பாடே வேண்டாம்" என்றேன். கதிரேசன் என் முழங்கையைச் சுரண்டினான். செயலாளர், "சரிங்க மேடம், உங்க திருப்திதானே முக்கியம்" என்றார். என் திருப்தியா முக்கியம்? அதையும் அப்போதே கேட்டிருக்கலாம்.

எங்கள் கோயிலில் தைப்பூசத்துக்கு அன்னதானம் நடக்கும். டாக்டரும் வரிசையில் நிற்பார், லாரி டிரைவரும் நிற்பார். எல்லாருக்கும் ஒரே தட்டு. அந்த வரிசையில் யார் ஏழை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு என்று மேலூர் ரோட்டில் நின்றபோதுதான் எனக்குப் புத்தியில் பட்டது.

மூன்றாம் நாள் அப்பா ஊரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். கதிரேசனுக்குப் பள்ளிக்கூடச் சவாரி இருந்தது. மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டவுன் பஸ். கண்டக்டர், "ஏத்தா, உள்ள தள்ளிப் போத்தா, உள்ள என்ன பேயா இருக்கு?" என்று முதுகில் கை வைக்காத குறையாக அடைத்தார். பாதி வழியில் பஸ் புகையைக் கக்கிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "போச்சு" என்றார். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். "வரும்" என்றார். இந்த இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவரிடம் எதுவும் பெயரவில்லை.

ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், முப்பத்தைந்து வயசு இருக்கும், மடியில் வேப்பிலைக் கட்டு. மணிக்கட்டில் காப்பு. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பருப்புவடையை நீட்டினேன்.

"வேணாம்க்கா. ஒரு பொழுது இருக்கேன். உச்சிக்கு ஒருவேளைச் சோறுதேன், மத்த நேரம் தண்ணி." பேர் கேட்டேன். பாண்டியம்மா என்றாள். அப்பா ஊர்க்காரிதான்.

அவள் கணவன் சின்னக்கருப்பன் கல் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவன். கல் சரிந்து கால் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி நடக்க மாட்டான் என்ற மாதிரிப் பேசியிருக்கிறார்கள். "ஆத்தாகிட்ட அழுதேன்க்கா. இந்த மனுசன் எந்திரிச்சு நடந்தா உனக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு சொன்னேன். தையில கம்ப ஊனி எந்திரிச்சாரு. இப்ப தெரு முக்கு வரைக்கும் போயி டீ குடிச்சிட்டு வாராரு!" சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். டீக்கடைக்குப் போய் வந்ததை இமயமலைக்குப் போய் வந்த மாதிரிச் சொன்னாள்.

"வர்ற செவ்வாக்கெழம சட்டி எடுக்கணும். அதுவரைக்கும் வெரதம் கொலையக்கூடாது. கவுச்சி ஆகாது, துக்க வீட்டுக்குப் போகக்கூடாது, கருமாதிச் சோறு, தெவசச் சோறு வாயில வைக்கக்கூடாது. வச்சா அம்புட்டுத்தேன், எல்லாம் வீணு. ஆத்தா குடுத்த காலை ஆத்தாளே எடுத்துக்கிட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

நம்பிக்கை உங்களுக்கு இருக்கலாம், இல்லாமல் போகலாம். எனக்கே பாதிதான் இருக்கிறது. ஆனால் அவளுக்குப் புருஷனுடைய கால் அந்தக் காப்புக் கயிற்றில்தான் நின்றுகொண்டிருந்தது. 

"நீங்க என்னா விசயமா வந்திய?" என்று கேட்டாள். "ஒரு அன்னதானம் போடணும்" என்றேன். "நல்லதுக்கா, சோறு போட்ட கை நல்லாருக்கும். எங்க தெருவுக்கும் நாளைக்கு வேன் வருது. யாரோ பெரியவருக்குப் பெறந்தநாளாம். நாங்க கேட்டுக்கிட்டுத்தேன் சரின்னோம். தெவசச் சோறு இல்லையேன்னு ரெண்டு தடவை கேட்டோம். சத்தியமாப் பெறந்தநாளுன்னு சொன்னாக" என்றாள். யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது, நல்லது என்று நானும் நினைத்துக்கொண்டேன். என் பந்திக்குக் காப்புக் கட்டாத தெருவாகப் பார்த்துக் கூட்டி வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது, எல்லாரும் ஓடினோம்.

அப்பா ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு கண்மாய், ஒரு மாரியம்மன் கோயில், நிறைய சிமெண்ட் வீடு. அவர் வீடு இருந்த இடம் எது என்று சொல்ல ஆள் இல்லை. கண்மாய்க் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நாலாம் நாள் பந்தி. ஆட்டோ மேலூர் ரோட்டில் திரும்பும்போதே தெரிந்தது. அப்பா நிற்கிறார். ஆள் உயரம். அவருடைய பழுப்புச் சட்டையை யாரோ கம்ப்யூட்டரில் பட்டுச் சட்டையாக மாற்றியிருந்தார்கள். தலைக்கு மேல் பலூன். 'இன்று பிறந்தநாள் காணும் அன்பு வள்ளல் பல்லாண்டு வாழ்க!' 

கதிரேசன் பிரேக் போட்டான். "மதினி, நான் இல்ல மதினி, எனக்குத் தெரியாது" என்றான். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

உள்ளே பந்தி உட்கார்ந்துவிட்டது. வாழையிலை போல அச்சடித்த காகிதத்தில் சர்க்கரைப் பொங்கல், பொரியல், சாம்பார் சாதம் எல்லாம் வைத்தாகிவிட்டது. ஒருவரும் கை வைக்கவில்லை. கேமராக்காரர் லைட்டைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். "யாரும் சாப்பிடாதீங்க, போட்டோ முடியட்டும், எல்லாரும் நிமிந்து பாருங்க" என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். ஆவி போய்ச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கேண்டீன்காரிக்கு அதுவே நெஞ்சில் எரியும். முன்னால் ஒரு மேசையில் கேக். முட்டை சேர்க்காத கேக் என்று ஒருவர் பக்தியோடு எனக்குத் தெரிவித்தார்.

"அக்கா!" என்று மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு குரல். பாண்டியம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "அட, உங்க வீட்டு விசேசமாக்கா இது? பலகையில நிக்கிறது உங்க அப்பாவா? நேத்துச் சொல்லவே இல்லையே! நூறு வயசு இருக்கட்டும் அவுக. அவுகளும் வந்திருக்காகளா?"

அவள் கை இலையின் ஓரத்தில் இருந்தது. அந்தப் பந்தியில் பாதிப் பேர் மஞ்சள் சேலை. பாதிக் கைகளில் காப்பு.

செயலாளரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஓரத்துக்குக் கொண்டுபோனேன். "என்ன இது? திதின்னு உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். ஆனா பங்குனி பொறந்தா ஊரு பூரா காப்பு. திவசம்னு சொன்னா ஒரு ஈ காக்கா வராது. கூடம் காலியா இருந்தா உங்களுக்குத்தானே சங்கடம்? அதான் கொஞ்சம் மாத்திச் சொன்னோம்."

"அவங்க விரதம்?"

"பசிக்கிறவனுக்கு ஏது மேடம் விரதம்? யாருக்குத் தெரியப்போகுது? அவங்களுக்குத் தெரியாம சாப்பிட்டா அவங்களுக்குத் தோஷமும் இல்ல. சாஸ்திரமே அப்படித்தான்."

எந்தச் சாஸ்திரம்? நெற்றி நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, மகேசன் சேவை என்று வாசலில் எழுதி வைத்துவிட்டு, அந்த மகேசனை வேனில் ஏற்றி வந்து பொய் சொல்லி உட்கார வைக்கச் சொல்கிற சாஸ்திரம் எது? இவர் வீட்டில் ஒரு விரதம் என்றால் பூஜை அறைக்கு வெளியே செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. கூலிக்காரி விரதம் என்றால் அது சும்மா. அவளுக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது, சாமி கிடையாது. அப்பாவின் தட்டைக் கரண்டியால் தட்டியவன் இத்தனை வருடம் கழித்து வேட்டி மாற்றிக்கொண்டு என் முன்னால் நின்ற மாதிரி இருந்தது.

"லைட் ரெடி சார்" என்றார் கேமராக்காரர். "மேடம், நீங்க அந்தக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஒரு போட்டோ, அப்புறம் சாப்பிடச் சொல்லிரலாம்."

நான் கரண்டியைப் பிடிக்கவில்லை. மைக்கைப் பிடித்தேன். 

"யாரும் சாப்பிடாதீங்க. இது பிறந்தநாள் சோறு இல்லை. எங்க அப்பா இறந்து ஒரு வருஷம் ஆச்சு. இது அவர் திதிக்குப் போடுற சோறு. உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்காங்க. காப்புக் கட்டினவங்க இலையில கை வைக்காதீங்க." 

கூடமே எழுந்தது. காகித இலைகள் பறந்தன. பாண்டியம்மா எழுந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் உருண்டது. "ஆத்தா, தாயே" என்று காப்புக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போனாள். ஒரு வயசான பெண் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏன்டி, எங்க வெரதத்தக் கெடுக்கவா சீமையில இருந்து வந்த? இல்லாதவளுன்னா இளக்காரமா?" திட்டட்டும் என்று நின்றேன். அப்பா பேரில் போட்ட பந்தி, திட்டு எனக்கு வராமல் யாருக்கு வரும்?

"எவளாச்சும் வாயில வச்சீகளாடி?" என்று பாண்டியம்மா ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வைத்தவர்கள் யாரும் இல்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் முகமெல்லாம் சர்க்கரைப் பொங்கலாக உட்கார்ந்திருந்தது. "அதுக்கு ஏது காப்பு, திங்கட்டும்" என்று ஒருத்தி சொல்ல, அந்த நிலையிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குத்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவர்கள் விரதத்தைக் காப்பாற்றியது நான் இல்லை. அந்தப் பாழாய்ப்போன போட்டோதான். லைட் மட்டும் சீக்கிரம் சரியாகியிருந்தால் நான் ஆட்டோவில் இருந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

செயலாளர் பேச்சில் இருந்த வெல்லம் காணாமல் போயிருந்தது. "எங்க பேரையே கெடுத்துட்டீங்க. இம்புட்டுச் சோறும் இனிமே குப்பைக்குத்தான் போகும். அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மா திறந்துவிட்டாள். "எதுக்குய்யா குப்பைக்குப் போகுது? பொய் சொன்னது நீ. சோறு என்னா பாவம் பண்ணுச்சு?" பிறகு என்னிடம் திரும்பினாள். "அக்கா, அந்தா தெரியுதுல்ல கல்லுப் பட்டறை, அங்க வடக்கத்திப் பயலுக கெடக்குறாங்க. என் வீட்டுக்காரரு வேல பாத்த எடந்தேன். அதுக காப்பும் கட்டல, கண்ணுல சோத்தையும் பாக்கல. ரொட்டியும் வெங்காயமும் தின்னுட்டுக் கெடக்குதுக. கொண்டுட்டு வாங்க."

அண்டாக்களைக் கதிரேசன் ஆட்டோவில் ஏற்றினான். கூட்டத்தைக் கூட்டி வந்த வேன் டிரைவரும், "நான் என்னா கல்நெஞ்சனா?" என்று சொல்லிச் செயலாளரைப் பார்க்காமல் மிச்சத்தை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் ஆட்டோ பின்சக்கரம் காற்று இறங்கியது. சாம்பார் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நானும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு காப்புக் கட்டாத மூன்று பெண்களும் நடந்தே தள்ளினோம். என் சேலை முழுக்கச் சாம்பார். 

பட்டறையில் கல் தூசியோடு தூசியாகப் பையன்கள் வந்தார்கள். யாருடைய திதி, யாருடைய சோறு என்பதைப் பாண்டியம்மா முதலிலேயே சைகையில் விளக்கிவிட்டாள். வானத்தைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், கையைக் கூப்பினாள். அவர்களும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினார்கள். நான்தான் பரிமாறினேன். ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "இன்னும் இருக்குமா?" என்கிற மாதிரி அவன் பாஷையில் ஏதோ கேட்டான். எனக்கு அவன் பாஷை தெரியாது. நீட்டிய தட்டு தெரியும். மூன்று தடவை போட்டேன். கதிரேசன் போனை எடுத்து, "ஒரு போட்டோ மதினி, கிள்ளான்ல உங்க அம்மாவுக்கு அனுப்ப" என்றான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பாண்டியம்மா பட்டறைச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தாள். "நீ வீட்டுக்குப் போய் ஏதாவது சமைச்சுச் சாப்பிடு" என்றேன்.

"உச்சி தாண்டிருச்சேக்கா. இனி நாளைக்கு உச்சிக்குத்தேன். பெறந்தநாள் சோறு இருக்கேன்னு காலையில உலையும் வைக்கல" என்று சாதாரணமாகச் சொன்னாள். 

இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. இரண்டாவது தடவை இல்லை என்று சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் அப்பா. அவர் பேரில் நடந்த பந்தியில், அவர் ஊர்க்காரி ஒருத்தி முதல் தடவைகூடச் சாப்பிடாமல் பட்டினி கிடந்தாள். ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கி வந்து நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"கோவிச்சுக்காதீகக்கா. துக்கக்காரவுக கையால வாங்கக்கூடாது. அந்தண்ணே கையில குடுங்க, அவுககிட்ட வாங்கிக்கிறேன். பழம் திங்கலாம்."

கதிரேசன் கையில் கொடுத்தேன். கதிரேசன் அவளிடம் கொடுத்தான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒழுங்கான தானம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை கிள்ளானில் இருந்து அம்மா கூப்பிட்டாள். அறக்கட்டளையில் நான் எழுதிக் கொடுத்திருந்த அவள் எண்ணுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். நான் வருவதற்கு முன்னால் லைட்டைச் சரிபார்க்க எடுத்தது போலிருக்கிறது. நிறைந்த பந்தி, நிறைந்த இலை, எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், மேலே அப்பாவையும் பலூனையும் ஒட்டியிருக்கிறார்கள். "என்னடி இது, அப்பாவுக்குப் பிறந்தநாளா? அவர் பிறந்த நாள் எதுன்னு அவருக்கே தெரியாதே" என்றாள் அம்மா. உண்மைதான். ஐசியில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், இருக்கிற தேதி ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி குத்துமதிப்பாகப் போட்டது. நாங்கள் ஒரு தடவைகூட அதைக் கொண்டாடியதில்லை. செயலாளருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. செல்வியின் போனில் இருந்து போட்டேன், எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "சிக்னல் இல்ல மேடம்" என்றார்.

அன்றைக்கே விமானம் ஏறியிருக்க வேண்டியவள், செவ்வாய்க்கிழமை வரை இருந்துவிட்டேன். 

அப்பா ஊர் மாரியம்மன் கோயில் தெரு முழுக்க வேப்பிலை. நான் தூரத்திலேயே, டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டேன். பாண்டியம்மா வந்தாள். இரண்டு கையிலும் சட்டி, சட்டிக்குள் தீ, முகத்தில் வியர்வை. அவளுக்குப் பின்னால் கம்பு ஊன்றி ஒரு மனிதன் வந்துகொண்டிருந்தான். வலது காலை இழுத்து இழுத்து, யாரையும் பிடித்துக்கொள்ளாமல், கோயில் வரைக்கும் நடந்தான். சின்னக்கருப்பன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

சட்டியை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "இங்கயே நிக்கிறிய? கூழு ஊத்துறாக, வாங்க."

"நான் துக்கக்காரி. வரலாமா?"

"அதேன் தெவசம் குடுத்துட்டியளே. வருசந்திரும்பியாச்சு, முடிஞ்சுபோச்சு. வாங்க."

கம்மங்கூழ். அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு கம்பு போட்டுக் காய்ச்சியது. மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தொட்டுக்கொள்ள வறுத்த மோர் மிளகாய். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் பாண்டியம்மாவே கரண்டியோடு போய் நின்றாள். யார் கொடுத்த கம்பு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர், பின்னால் அன்றைக்கு என்னைத் திட்டிய அந்த வயசான பெண். "என்னா மலேசியா, வெயிலு தாங்குதா?" என்றாள்.

ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி, செல்வியின் புளிக்குழம்பு என்னை மன்னிக்கட்டும். காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் வேண்டும் போல இருந்தது. நான் கேண்டீன் நடத்துகிறவள், எத்தனையோ ஆயிரம் தட்டுக்குப் போட்டவள். இரண்டாவது தடவை கேட்பது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பாண்டியம்மா என் கையைப் பார்த்துவிட்டாள். "என்னக்கா ரோசன? சொம்ப நீட்டுங்க" என்றாள். 

நீட்டினேன். அவள் ததும்பத் ததும்ப ஊற்றினாள்.